இரண்டு கோல் தூரம்

பூவத்தடியில் அந்தக் கல்லை நட்ட மறுநாள் காலையில் காரியக்காரர் நல்லதம்பி சடைச்சியை அடிப்பதற்காக வரப்பில் நடக்க ஆரம்பித்தார், நடந்தார், நடந்தார், அவள் மூன்று முடி நாற்றை நட்டு முடித்து நாலாவது முடியை அவிழ்க்கிற வரைக்கும் நடந்துகொண்டே இருந்தார், ஆனால் வந்து சேர்ந்தபாடில்லை. கால் என்னவோ போய்க்கொண்டுதான் இருந்தது. காலுக்குக் கீழே வரப்பு குழிந்து, குழியில் தண்ணீர் ஊறி, அதில் ஒரு நண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நடவின் நடுவில் இடுப்பை நிமிர்த்தியதற்கு விழவேண்டிய அடி அது. அடி எப்போது விழும் என்று சடைச்சியின் முதுகுக்குத் தெரியும், அதற்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அன்றைக்கு அந்த முதுகு காத்துக் காத்து அலுத்துப்போயிற்று.

குனிந்தபடியே கக்கத்து வழியாகப் பார்த்து, "என்ன ஆண்டே, ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள்.

"இருடி, வர்றேன்."

"சரிங்க ஆண்டே. மெதுவா வாங்க."

அது கும்பினியார் காலம். நிலத்தோடு ஏர், ஏரோடு மாடு, மாட்டோடு ஆள் என்று எல்லாவற்றையும் ஒரே ஓலையில் எழுதிக் கைமாற்றிக்கொண்டிருந்த காலம். ஊரின் நஞ்சை முழுக்க மேலத்தெருவுக்குச் சொந்தம், மேலத்தெருவின் பெரிய வீடு மிராசு அகோரமூர்த்திக்குச் சொந்தம், சேரியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த எழுபத்திரண்டு உயிரும் அவருக்கும் அவர் பங்காளிகளுக்கும் சொந்தம். சேரி ஆள் மேலத்தெரு ஆளுக்கு இரண்டு கோல் தள்ளித்தான் நிற்கவேண்டும். கோல் என்றால் அந்த ஊர் நிலமளக்கிற கோல், இரண்டு ஆள் தலையும் காலுமாகப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு. பாதை திரும்புகிற இடத்திலெல்லாம் "சாமியோவ், வர்றேன்" என்று கூவிக்கொண்டு வரவேண்டும், கூவ மறந்தால் அடி. அடிக்கிறபோது மட்டும் இந்த இரண்டு கோல் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆசாரத்துக்கு அவ்வளவு தாராள மனசு.

இந்த லட்சணத்தில் மிராசு தன் மகள் விசாலத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் மணற்குடியில் மாப்பிள்ளை பார்த்தார். நிச்சயம் பண்ண வந்த சம்பந்தி வாய்க்கால் பக்கம் மூக்கைச் சுளித்து, "உங்க ஊர்ல ஆளுங்க ரொம்பக் கிட்டத்துல நிக்கிறாங்களே, யாரும் அளக்கிறதில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில் மிராசுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியூர்க் கல்தச்சனைக் கூப்பிட்டு, ஆள் உயரக் கல்லில், "இவ்வூர் அடிமைகளுக்கும் மேலத்தெருவாருக்கும் இடையே எக்காலத்தும் இரண்டு கோல் தூரம் குறையக் கடவதல்ல" என்று வெட்டச் சொல்லி, படித்துறைக்கு மேலே நட்டு, பாலும் சந்தனமும் ஊற்றி, தேங்காய் உடைத்தார். கல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஏன் எடுத்துக்கொண்டது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரில் எத்தனையோ கல், எத்தனையோ எழுத்து, இது ஒன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது, அவ்வளவுதான்.

மேலத்தெரு இதற்காகப் பயப்பட்டது என்று நினைத்தால் உங்களுக்கு மேலத்தெருவைத் தெரியாது. நாம் கும்பிட்ட கும்பிடு வீண்போகவில்லை என்று மிராசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார், கல்லுக்கு நித்தியபடி பூசை ஏற்பாடாயிற்று, எட்டு ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் வந்து வாய்க்கால் மேட்டில் நின்று, மேலத்தெருவார் சேரி ஆட்களைப் பார்த்து வேகவேகமாக நடந்து எட்டமுடியாமல் மூச்சுவாங்குவதைக் கண்டு, "அடடா, என்ன சுத்தம், என்ன சுத்தம்" என்று மெச்சிக்கொண்டு பந்திக்குப் போனார்கள். சங்கடமெல்லாம் அப்புறம் ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது. கூழ் ஊற்றுகிறவன் கிட்டே வரமுடியாமல் பானையோடு வைத்துவிட்டு விலகினான், சேரி ஆட்கள் வயிறு நிரம்பக் குடித்துவிட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். நடுப்பகலில் பெண்கள் வரப்பிலேயே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், எழுந்திரு என்று கத்தத்தான் முடிந்தது, எழுப்ப முடியவில்லை. எறிந்த கல் இரண்டு கோலுக்கு வெளியே பொத்தென்று விழுந்தது. நல்லதம்பி பனைநாரைத் திரித்து இரண்டு கோல் நீளத்துக்கு ஒரு சவுக்கு பண்ணி, இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லித் தூக்கி வீச, அது போன வேகத்தில் திரும்பி வந்து அவர் முதுகிலேயே விழுந்தது. அதிலிருந்து வேலை இல்லாத நேரமெல்லாம் குப்புறத்தான் படுத்துக்கிடந்தார்.

சேரியில் தொப்பளான் மூப்பன் எல்லோரையும் கூட்டி வைத்து, "யாரும் சிரிக்கப்படாது. நமக்கு ஒண்ணும் தெரியாது. எப்பவும்போல பயந்தாப்ல இருங்க" என்றார். எல்லோரும் எப்பவும்போலப் பயந்தாற்போல இருந்தார்கள். அதில் அவர்களுக்கு நல்ல தேர்ச்சி.

சடைச்சிக்கு மட்டும் நடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே பயம். விசாலத்துக்குச் சீதனம் என்று நாலு கறவை மாடு, ஒரு வெண்கல அண்டா, ஒரு பெண்ணடிமை எழுதியாகியிருந்தது, அந்தப் பெண்ணடிமை சடைச்சியின் மகள் குப்பச்சி. பெற்ற நாலில் மூன்றை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இதுவாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்து வளர்த்த பிள்ளை. மணற்குடிக்குக் கொடுத்த ஆள் திரும்பி வந்து தாய் முகத்தில் முழித்த வழக்கமே கிடையாது, அங்கேயிருந்து வருவது சாவுச் செய்தி மட்டும்தான், அதுவும் யாராவது இந்தப் பக்கம் வந்தால். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கிறபோது நல்லதம்பி எட்ட நின்று, "ஏ சடச்சி, மாட்டையெல்லாம் கழுவியாச்சு. ஒம்மகளையும் குளிக்க வச்சு வை, எண்ணெ வேணும்னா கேட்டு வாங்கிக்க" என்றார். குப்பச்சி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள், அன்றைக்கு முழுக்கத் தாயின் முந்தானையை விடவில்லை. பதினாறு வயசுப் பெண் பால்குடிப் பிள்ளைபோல முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடவு நட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவள் குளித்து, இருந்த ஒரே மாற்றுத்துணியைக் கட்டிக்கொண்டு, முடக்குக்கு முடக்கு "சாமியோவ், வர்றேன்" என்று கூவிக்கொண்டே பெரிய வீட்டு வாசலுக்குப் போய், சரியாக இரண்டு கோல் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டாள். மிராசு கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஆண்டே, எம்புள்ளைய விட்ருங்க ஆண்டே. எனக்கு வேற நாதியில்ல. மாடு வேணும்னா கூட ஒண்ணு குடுங்க, எம்புள்ள வேணாம் ஆண்டே."

"எழுதியாச்சு, போடி."

"அப்படிச் சொல்லாதீங்க ஆண்டே" என்றாள் சடைச்சி, சொன்னவள் அழுதாள், அழுதவள் மறந்துபோய் ஓர் அடி முன்னால் வைத்தாள். மன்றாடுகிறவர்கள் யாராக இருந்தாலும் முன்னால்தான் வருவார்கள், பின்னால் போய்க்கொண்டே மன்றாட யாராலும் முடியாது. அவள் ஓர் அடி வைக்க, மிராசு நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனார். அவள் கண்ணில் தண்ணீர், பார்க்கவில்லை. "மூணை மண்ணுக்குக் குடுத்தேன் ஆண்டே" என்று இன்னும் நாலு அடி வைத்தாள், மிராசு கூடத்துக்குள் போனார். "இதையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டு நான் என்னத்துக்கு இருக்கேன் ஆண்டே" என்று வாசற்படி ஏறினாள், மிராசு முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, ஊஞ்சலில் இடித்து, அடுக்களையைத் தாண்டி, எதிர்ப்பட்ட மனைவியையும் மகளையும் கல்யாணச் சமையல்காரர் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து, "ஏய், நில்லுடி, நில்லு, நில்லு" என்று கத்தியபடி போய் நாற்காலியோடு எருக்குழிக்குள் உட்கார்ந்தார்.

அப்போதுதான் சடைச்சி கண்ணைத் துடைத்தாள். பெரிய வீட்டு அடுக்களைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஊறுகாய் ஜாடி வரிசையாக இருந்தது, அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது, உத்தரத்தில் வாழைத்தார் தொங்கியது, மற்றபடி வீடு வீடாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்த இடம் இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மிராசு இடுப்புவரை எருவில் இருந்தார். அவள் ஒரு காலைத் தூக்கினாள், அவர் குழிக்குள்ளேயே அந்தக் கரைக்கு நகர்ந்தார். காலைக் கீழே வைத்தாள், நின்றார். மறுபடி தூக்கினாள்.

"வேணாம்டி" என்றார் மிராசு.

பூவத்தடிக் கலகம் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான் ஆரம்பித்தது. சடைச்சி வெளியே வந்து சேரிக்குச் சேதி சொன்னாள், கூவாமலே ஓடி வந்து சொன்னாள். தொப்பளான் மூப்பன் முதலில், "ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்ட" என்று தலையில் கைவைத்தார், அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்தார், அப்புறம், "எருக்குழியிலயா?" என்று கேட்டார், கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். யாரும் அரிவாள் எடுக்கவில்லை, யாரும் நெருப்பு வைக்கவில்லை, எழுபத்திரண்டு பேரும் நடந்தார்கள், அவ்வளவுதான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள், நொண்டிக் காத்தான் நொண்டிக்கொண்டே நடந்தான், அவர்கள் நடக்க நடக்க மேலத்தெரு முழுக்கப் பின்னால் போயிற்று, கதவு இருந்தால் கதவு வழியாக, இல்லாவிட்டால் வேலியைப் பிய்த்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இலையோடு, பாதிச் சவரத்தில் இருந்தவர் பாதி மீசையோடு, குப்புறப் படுத்திருந்த நல்லதம்பி பாயோடு. நாலைந்து பெண்கள் கோயிலுக்குள்ளும் நடந்து பார்த்தார்கள். அர்ச்சகர் மணியோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். சாமி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். அவருக்கு அவர்கள் கிட்டே வருவதில் ஆட்சேபணை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனை காலமும் அவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் மேலத்தெரு மொத்தமும் ஆற்றுக்குள் நின்றது. ஆவணி மாசத் தண்ணீர், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பின்னால் ஆழம், முன்னால் ஒரே ஒரு படித்துறை, படித்துறைக்கு மேலே கல், கல்லில் சாய்ந்துகொண்டு சடைச்சி. கல்லைப் பிடுங்கலாம் என்று மிராசுக்குத் தோன்றாமல் இல்லை. பிடுங்கக் கிட்டே வரவேண்டுமே.

மறுநாள் முகூர்த்த நாள். அக்கரையில் மேளம் கேட்டது. மணற்குடி மாப்பிள்ளை வீட்டார் வண்டியை விட்டு இறங்கி ஆற்றைப் பார்த்தார்கள்.

"என்ன சம்பந்தி, எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்கிறீங்க?"

"குளிக்கிறோம்" என்றார் மிராசு.

"நாற்காலியோடவா?"

மிராசு இந்தப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "சடச்சி, மானத்தை வாங்காத. உன் மகளை அனுப்பல. போதுமா? வழி விடு" என்றார்.

அதுதான் அவள் கேட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தவள் திரும்பிக் குப்பச்சியைப் பார்த்தாள். குப்பச்சி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய வீட்டு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். இந்த வருஷம் அனுப்பவில்லை, அடுத்த வருஷம் இன்னொரு மகள், இன்னொரு சீதனம். பங்காளிகளுக்கும் மகள்கள் இருந்தார்கள். மேலத்தெருவில் பெண் பிள்ளைக்குப் பஞ்சமே இல்லை.

"எழுதிக் குடுங்க" என்றாள். "எம்புள்ளைக்கு மட்டுமில்ல. எழுபத்தி ரெண்டு பேருக்கும். இனிமே அடிமையில்லன்னு எழுதி, அக்கரையில வந்திருக்காங்களே, அவங்களைச் சாட்சி போடச் சொல்லுங்க."

தொப்பளான் மூப்பன் பதறிப்போய் அவளைத் தனியே இழுத்தார். "கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? கல்லுல என்ன எழுதியிருக்கு? அடிமைன்னு எழுதியிருக்கு. அடிமை இல்லேன்னு ஆயிட்டா கல்லு எதுக்கு நமக்குத் தூரம் காக்கும்? கிட்ட வந்து மிதிப்பாங்க. இப்ப நல்லாத்தானே இருக்கோம், அடியில்ல, கூழ் இருக்கு, ஆண்டை ஆத்துல இருக்காரு. இப்படியே இருந்துட்டுப் போவோம்."

சேரி முழுக்க அவர் பக்கம்தான் தலையாட்டியது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அடிமையாக இருக்கிறவரை அடி கிடையாது, அடிமை இல்லையென்றால் அடி இருக்கலாம், இப்படி ஒரு கணக்கை எந்தக் காலத்திலும் யாரும் போட்டிருக்கமாட்டார்கள்.

சடைச்சி மறுபடி குப்பச்சியைப் பார்த்தாள். பயம் அப்படியேதான் இருந்தது. "மாமா, இந்தக் கல்லு இந்த ஊர் எல்லையோட சரி. எம்புள்ள பொழுதுக்கும் கல்லைச் சுத்திக்கிட்டே கெடக்கணுமா? ஆறு தாண்டிப் போனா அங்க எவன் வேணா புடிச்சுக் கட்டுவான், அடிமைதானேம்பான்" என்றாள். அப்புறம், "கிட்ட வந்தா வரட்டும் மாமா. அவங்க கை நம்ம மேல படுற தூரத்துல நம்ம கையும் அவங்க மேல படும்ல?" என்றாள்.

இதைத் தொப்பளான் மூப்பன் யோசித்துப் பார்த்ததே இல்லை. தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஊர்க்கணக்கர் தண்ணீரில் நின்றபடியே எழுத்தாணி பிடித்தார். மணற்குடிக்காரர்கள் பரிசலில் வந்து சாட்சி போட்டார்கள், முகூர்த்தம் தவறிப்போகிறதே என்ற அவசரத்தில் எதில் போடுகிறோம் என்றுகூடப் படிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகச் சேரி கூவியது, ஒவ்வொரு பெயராக ஓலையில் ஏறியது. குப்பச்சி பெயரை முதலில் எழுதச் சொன்னாள் சடைச்சி.

"எம்பேரைக் கடைசியில எழுதுங்க" என்றாள்.

ஏன் என்று போகப்போகத்தான் எல்லோருக்கும் புரிந்தது. பெயர் ஏற ஏற ஒவ்வொருவரைச் சுற்றியும் இருந்த தூரம் அவிழ்ந்துகொண்டே வந்தது, ஆனால் படித்துறைக்கு நடுவில் ஓர் அடிமை பாக்கி இருக்கிறவரை மேலத்தெருவில் ஒருத்தரும் ஒரு படி ஏற முடியாது. எழுபத்தோரு பேர் விடுதலையாகி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அவள் ஒருத்தி, ஒரே ஓர் அடிமை, மொத்தத் தெருவையும் தண்ணீரில் நிறுத்திவைத்துக்கொண்டு நின்றாள்.  எதிரே மிராசு, கை ஓங்குகிற முதல் ஆளாகத் தானே இருக்கவேண்டும் என்று, அந்தத் தூரத்தின்மேல் தோளைக் கொடுத்து முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்துகொண்டு, கணக்கரைப் பார்த்து, "சீக்கிரம் எழுதுய்யா" என்று பல்லைக் கடித்தார்.

கணக்கர் கடைசி எழுத்தை இழுத்து முடித்தார். சாய்ந்திருந்த தூரம் அப்படியே இல்லாமல் போயிற்று. மிராசு அகோரமூர்த்தி இரண்டு கோல் தொலைவையும் ஒரே ஓட்டமாகத் தடுமாறி வந்து, படிக்கட்டில் கால் இடறி, சடைச்சியின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மணற்குடி மொத்தமும் பார்த்தது. மேளக்காரன் என்ன நினைத்தானோ, ஒரு தட்டு தட்டினான்.

அவர் எழுந்தார், எழுந்த வேகத்தில் கையை ஓங்கினார். சடைச்சி விலகவில்லை, விலகக் கூடாது என்று நினைத்ததால் அல்ல, விலகக் கால் வரவில்லை. கை மட்டும் வந்தது. நாற்று முடியைப் பிடிக்கிற பிடியில் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள், பிடித்த பிறகுதான் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. வெதுவெதுப்பான, கொழகொழவென்ற கை. இவ்வளவு பக்கத்தில் அவரை அவள் பார்த்ததே இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றும் எரு வாசனை போகவில்லை, அதோடு பழைய வெற்றிலை நெடி வேறு.

"இந்த நாத்தத்துக்கா ரெண்டு கோல் எட்ட நிறுத்துனீங்க?" என்றாள். "நல்ல காரியந்தான் பண்ணியிருக்கீங்க."

பின்னால் எழுபத்தோரு பேர் இருந்தார்கள். மிராசு அவர்களைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார், "கையை விடு" என்றார்.

"விட்டுட்டேன் ஆண்டே" என்று பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "விட்டுட்டேன், போங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றாள்.

கல்யாணம் நடந்தது. நாலு மாடும் அண்டாவும் அக்கரைக்குப் போயின. சடைச்சி குப்பச்சியைக் கூட்டிக்கொண்டு, குறுக்குவழி என்பதால், மேலத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். கோயில் முடக்கு வந்தபோது வாய் தன்னால் திறந்தது, திறந்த வாயைச் சும்மா மூடிக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்து நல்லதம்பி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஈரத்துணியோடு வேகமாக வந்தார், வந்த வேகத்தில் அவள்மேல் நேருக்கு நேர் மோதிக்கொண்டார். பாய் கீழே விழுந்து பிரிந்தது. இரண்டு பேருக்கும் நெற்றியில் நல்ல இடி. கொஞ்ச நேரம் இருவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்து வரப்படாதா?" என்றார் நல்லதம்பி.

சடைச்சி பாயை எடுத்து மண்ணைத் தட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"முடக்குல வர்றப்ப நீங்க ஒரு கூவு கூவிட்டு வரப்படாதா?" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.